தங்கப்பழமும் ஒன்றரை அங்குலமும்

பல்லில் நூலைக் கடித்திருக்கும்போது தங்கப்பழத்திடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் பதில் 'ம்'முக்கு மேல் போகாது. நூலின் ஒரு முனையை மோட்டார் சைக்கிளின் கழுத்துக் குழாயில் கட்டியிருப்பார். மறுமுனை அவருடைய முன்பற்களுக்கு நடுவில் இருக்கும். பின்சக்கரம் கழற்றிய இடத்தில் குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்த நூலின் மேலேயே போய்ப் போய் வருவார். நூலுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு ரூபாய்த் துட்டை நுழைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் துட்டு ஒரே மாதிரி நுழைந்தால் நூலைத் துப்பிவிட்டு, "நேராத்தாம் இருக்கு வே" என்பார். நுழையாவிட்டால், அதற்கு முன்னால் அந்த வண்டியில் கை வைத்த மெக்கானிக்குகள் எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரம் அவர்களுக்குப் புரையேறியிருக்கும்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் போகிற ரோட்டை ஒட்டி, விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் முனையில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பிரித்து, பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் கொடுப்பதுதான் தொழில். இப்போது அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நூல் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. மனைவி ராஜேஸ்வரி வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர். "நான் சுத்துதது பாதி தறிக்குப் போவுது, பாதி இவுக வாய்க்குள்ள போவுது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஐம்பத்து நான்கு வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. ஊரார் வண்டிகளைக் கண்ணாடியாகத் துடைத்து வைக்கிறவர் தாம் போய்வருவதற்கு ஒரு மொபெட் வைத்திருக்கிறார். அதன் பின் மட்கார்டைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டால், "அதுக்கு என்ன, ஓடுதுல்லா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

அவர் வாசிக்கிற ஒரே புத்தகம் புல்லட்டின் உதிரிபாகப் பட்டியல். ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் அட்டை போட்டது. டீ குடிக்கும்போது மற்றவர்கள் தினசரியைப் புரட்டுகிற மாதிரி இவர் இதைப் புரட்டுவார். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் எந்தப் படம் எந்தப் பக்கத்தில், எந்த போல்ட்டுக்கு எந்த நம்பர் என்பது அத்துப்படி. அதில் உள்ளபடிதான் வண்டி இருக்கவேண்டும். அதற்கு மேல் ஒரு வாஷர்கூடச் சேர்க்கமாட்டார். யாராவது, இதை இப்படி மாற்றினால் என்ன என்று வாயெடுத்தால், "அப்ப கம்பெனிக்காரன் முட்டாளா வே?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். தென்காசியிலிருந்து ஒரு டாக்டர் வந்து, முதுகு வலிக்கிறது, சீட்டைக் கொஞ்சம் மெத்தென்று மாற்றித் தர முடியுமா என்று கெஞ்சினார். "முதுகு வலின்னா முதுகுக்கு வைத்தியம் பாருங்க சார். வண்டிக்கு எதுக்குப் பாக்கீய?" என்று டாக்டருக்கே வைத்தியம் சொல்லி அனுப்பிய மனிதர் இவர்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஆசிப் வந்து சேர்ந்தான். புளியங்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். மினி லாரியில் அவனுடைய அத்தாவின் எழுபத்து நாலாம் வருச புல்லட் படுத்துக் கிடந்தது. அத்தா அப்துல் மஜீது எலுமிச்சைத் தரகர். நாற்பது வருசமாக அந்த வண்டியிலேயே ராயகிரி வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய், மரத்தில் நிற்கிற காயைப் பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்று சொல்கிறவர். போன மாதம் ராயகிரி ரோட்டில் இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட் உடைந்து விழுந்துவிட்டது. ஃபுட்ரெஸ்ட் மட்டும் இல்லை. சேஸ் குழாயிலிருந்து அதைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் காதே பாதியில் பிளந்து போயிருந்தது. அன்றோடு வண்டியும் நின்றது, அத்தாவும் நின்றுவிட்டார். சார்ஜாவில் இருக்கிற மகள் நூருல் ஹுதா, கொஞ்ச நாள் இங்கே வந்து இருங்கள் என்று மூன்று மாத விசா எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"அத்தாவால ரொம்ப நடக்க முடியாது அண்ணாச்சி. வண்டி இருந்தாத்தாம் வெளிய போவாங்க. இல்லன்னா வீட்டுக்குள்ளயே கெடந்து ஒடுங்கிருவாங்க" என்றான் ஆசிப். "அவங்க வாரதுக்குள்ள புது வண்டி கணக்கா ஆக்கி நிறுத்திரணும். அவங்களுக்குத் தெரியவே கூடாது. சர்ப்ரைஸ்."

"தம்பி, வண்டிய எங்கிட்ட விட்டுட்டேல்லா? ஒங்க அத்தா ஏறி ஒக்காந்து அப்பிடியே தோட்டத்துக்குப் போவாரு. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் தங்கப்பழம். இந்த வாக்கை அவர் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. பொதுவாக வண்டிக்குத்தான் பொறுப்பேற்பார். ஏறுகிற ஆளுக்கு ஏற்பதில்லை. எலுமிச்சைத் தோட்டத்துப் பெரியவர் என்றதும் மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

எலும்புக்கூடாகப் பிரித்து, சுரண்டி, நூலைக் கட்டிப் பல்லில் கடித்தபோது குழாய்கள் எல்லாம் நேராகத்தான் இருந்தன. அடுத்து ஒரு நூலைக் குறுக்கே பிடித்து, வலது பக்கத்துக் காதையும் இடது பக்கத்து உடைந்த காதையும் ஒப்பிட்டார். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருந்தது. புத்தகத்தைப் புரட்டிப் படத்தைப் பார்த்தார். சந்தேகமே இல்லை. எவனோ ஒருத்தன் கம்பெனி வைத்த காதை அறுத்தெடுத்து, ஒன்றரை அங்குலம் தூக்கி, பித்தளையை உருக்கிப் பற்று வைத்திருக்கிறான். அந்தக் காலத்துப் புல்லட்டில் இடது காலுக்குத்தான் பிரேக்; அந்தப் பெடலையும் பழுக்கக் காய்ச்சி மேல்நோக்கி வளைத்திருக்கிறான்.

"எந்தக் களவாணிப்பயடா இவன்!" என்று ஆரம்பித்தவர் அன்று சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. அவரால் தாங்கமுடியாத விசயம், அந்தப் பற்று அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான். ஒரு சொட்டு அதிகம் இல்லை, ஒரு பொத்தல் இல்லை. "கை என்னா சுத்தம் பாத்தியா? கண்ணுதாம் மொண்ணை. மட்டம் பாக்கத் தெரியாத பயலுக்கு எதுக்கு இந்தக் கை?"

மத்தியானச் சோறு கொண்டுவந்த ராஜேஸ்வரி அந்தக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன அழகா பத்த வச்சவனுக்கு மட்டம் தெரியாமயா இருந்துருக்கும்? ஏதாச்சும் காரியமாத்தாம் தூக்கி வச்சிருப்பான்" என்றார்.

"என்ன காரியம்? கம்பெனிக்காரன் முட்டாளா?"

"கம்பெனிக்காரன் எங்க வந்து பாத்தான், யாரு ஏறப்போறான்னு?"

"நீ போயி தாரச் சுத்து" என்று பேச்சை முடித்து, ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்தது தங்கப்பழத்தின் வாழ்நாளிலேயே நல்ல வேலை என்று சொல்லலாம். கனத்த இரும்புத் தகட்டை அறுத்து, இரண்டு நாள் அரத்தால் ராவி, படத்தில் உள்ள காதை அப்படியே செய்தார். கரண்டு வெல்டிங் வைத்தால் பழைய குழாய் ஓரத்தில் வெடித்துவிடும் என்று கேஸ் டார்ச்சை எடுத்தார். பழைய பற்றை இளக்கி உருவிவிட்டு, பற்று நன்றாகப் பிடிக்க வெங்காரத்தூள் தூவி, பித்தளைக் கம்பியை உருக்கி, கம்பெனிக்காரன் எங்கே வைத்தானோ அதே இடத்தில் புதுக் காதை உட்கார வைத்தார். காற்றுப்பட்டு வெடுக்கென்று குளிர்ந்துவிடக் கூடாது என்று மேலே சாம்பலைக் கொட்டி மூடினார். ஆறியபிறகு நூலைக் குறுக்கே பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. வளைந்த பெடலைப் பழைய இரும்பு டப்பாவில் எறிந்துவிட்டு, கோயம்புத்தூரில் சொல்லிவைத்து அசல் பெடல் வரவழைத்து மாட்டினார்.

பிறகு கறுப்புப் பெயிண்ட், மூன்று கோட்டு. அது காய்கிற வரைக்கும் துண்டை வீசி ஈ விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்ந்த பிறகும் யாரையும் விரல் வைக்க விடவில்லை. ஆசிப் வீடியோ எடுக்க வந்தபோது, "தள்ளி நின்னு எடு, மூச்சு படுது" என்றார். சார்ஜாவிலிருந்து அத்தா தினமும் போனில், "வண்டிய ஷெட்டுல மூடி வச்சிருக்கியாலே?" என்று கேட்பாராம். ஆசிப் தினமும் ஒரு பொய் சொல்லி, அதற்காக ஒவ்வொரு தடவையும் தனக்குள்ளே பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டானாம்.

மஜீது பாய் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் ஆசிப் அவரைக் காரில் கூட்டிவந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. கொட்டகை நடுவில் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. தங்கப்பழம் பழைய பனியன் துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தார். பாய் எழுபது வயதுக்கு நல்ல திடமான ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. காரிலிருந்து இறங்கி ஒரு எட்டு வைத்தார். உடம்பு இடது பக்கமாகச் சரிந்து எழுந்தது. அடுத்த எட்டிலும் அதேபோல் சரிந்தது. மூன்றாவது எட்டில் டேங்கின் மேல் துணி அப்படியே நின்றுவிட்டது. தங்கப்பழத்தின் பார்வை இடது பக்கத்து ஃபுட்ரெஸ்டுக்குப் போனது.

பாய்க்கு வண்டியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. "மாஷா அல்லாஹ்! ஏ ஆசிப், நம்ம வண்டியாலே இது? மாப்பிள்ளை கணக்கால்லா நிக்கி!" ஹேண்டிலைத் தொட்டார், சீட்டைத் தட்டினார், தங்கப்பழம் தடுப்பதற்குள் வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். வலது கால் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இடது கால் கீழே போய்த் துழாவியது. செருப்பின் நுனிக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் காற்றுதான் இருந்தது. இடுப்பை இடது பக்கம் நகர்த்தினார். கால் எட்டியது, ஆனால் ஆள் சரிந்தார். நிமிர்ந்தார், கால் மறுபடியும் தொங்கியது.

"என்னத்தா? எட்டலியா?" என்றான் ஆசிப். பிறந்ததிலிருந்து அத்தாவின் நடையைப் பார்த்து வளர்ந்தவன். அது அவனுக்கு அத்தாவின் நடை, அவ்வளவுதான். அதற்கும் வண்டிக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"எண்பத்து மூணுல ஒரு தோட்டத்துக் கெணத்துல விழுந்தேம்லா, எலும்பு கூடுனதுல கால் கட்டையாப் போச்சு" என்று பாய் கதை மாதிரி சொன்னார். "ரெண்டு வருசம் வண்டியத் தொட முடியல. பெறவு கடையநல்லூர்ல ஒரு மனுசன் இந்த ஃபுட்ரெஸ்ட்டத் தூக்கி வச்சுக் குடுத்தாரு. அன்னைக்கு ஏறுனவந்தாம்."

"வண்டி கோணலா இருக்குன்னு நான் நிமுத்திட்டேன் பாய்" என்றார் தங்கப்பழம்.

"வண்டியில என்ன தம்பி கோணல்? கோணல் என் கால்லதாம்." பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சம்கூட இல்லை. அதுதான் தங்கப்பழத்துக்குத் தாங்கவில்லை. பாய் டேங்கைத் தடவிக்கொடுத்தார். "சரி, போகட்டும். இவ்வளவு அழகாப் பண்ணியிருக்கீய, இனி இதுல போயி கை வைக்காதீய. வீட்டு முன்னாடி நிக்கட்டும். நான் நாற்காலியப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தங்கப்பழம் இடது பக்கத்துக் காதைப் பார்த்தார். பழைய பெடலை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டுவது ஐந்து நிமிச வேலை. ஆனால் காதைத் தூக்குவது என்றால் மறுபடியும் நெருப்பு. அந்தப் பக்கத்துக் குழாய் முழுக்கக் கறுப்பு கருகி உரியும். படத்தில் இருக்கிற மாதிரி வண்டி இனி ஒருநாளும் இருக்காது.

"நான் மடையன் பாய். அந்த மனுசன ஒரு நாள் பூரா ஏசுனேன்" என்றபடி ஸ்பானரை எடுத்து வண்டிப் பக்கத்தில் மண்டியிட்டார். இடது பக்கத்து ஃபுட்ரெஸ்டைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அண்ணாச்சி, பெயிண்டு..." என்றான் ஆசிப்.

அவர் காதில் விழவில்லை. தொங்கிக்கொண்டிருந்த காலுக்குக் கீழே இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார். "மிதிங்க பாய்."

"ஏ, கையில எப்பிடிய்யா மிதிக்கது?" பாய் பதறிப்போனார். "பொறு, செருப்பையாவது கழத்துதேன்."

"செருப்போடதான ஓட்டுவீய? அப்ப செருப்போடயே மிதிங்க. நேரா நிமிந்து ஒக்காந்து, தோட்டத்துக்குப் போவும்போது எப்பிடி மிதிப்பீயளோ அப்பிடி."

பாய் தயங்கித் தயங்கிக் காலை இறக்கினார். தங்கப்பழம் உள்ளங்கையை ஒரு நூல் உயர்த்தினார். "இதா?"

"இன்னுங் கொஞ்சம்."

"இதா?"

"ஆங்... அதேதாம்."

"இப்ப பாரத்தப் போடுங்க."

பாய் பாரத்தைப் போட்டார். தங்கப்பழத்தின் கை இறங்கவில்லை. வலது கை தரையில் துழாவி ஒரு ஆணியை எடுத்தது. உள்ளங்கைக்கு நேராகக் குழாயில், ஈயைக்கூட உட்கார விடாத அந்தக் கறுப்பின் மேல் ஆணியை வைத்து அழுத்தி, வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் ஒரு கோடு கிழித்தார்.