ஏழு கிலோவை இறக்கிவிட்டுப் பறந்தோம்

2017 ஜூலை, வெள்ளிக்கிழமை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் வாங்கிக்கொண்டு, மூன்று வயது மகனுடன் ரயிலேறினேன். கிரெனோபிளுக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் இன்னும் இரண்டு மணி. கணவரின் அக்கா, என் மச்சாள், ஆல்ப்ஸ் மலையிடுக்கில் ஒரு விடுதியில் சமைக்கிறார்.

ஞாயிறன்று பாறை சரிந்து கீழே போகும் ஒரே தெரு அடைபட்டது. திறக்க ஒரு வாரமாகும் என்றார்கள். எனக்குச் செவ்வாய் வேலை. விடுதிக்குச் சாமான் கொண்டுவரும் சிறு விமானம் ஒன்றுதான் வழி.

திங்கள் காலை 6.30. விமானி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். எங்களையும் பைகளையும் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். 380 மீற்றர் புல் ஓடுபாதையை நடந்து பார்த்து, நடுவில் சிவப்புக் கொடி நட்டார்.

"எழும்பத் தேவையான வேகத்தில் பத்தில் ஏழு பங்கு இந்தக் கொடியடியில் வராவிட்டால் நிறுத்திவிடுவேன்," என்றார். வெயில் ஏறினால் காற்று இளகி விமானம் எழும்பச் சிரமப்படுமாம். எட்டு மணிக்குள் புறப்பட வேண்டும்.

ஏறுவதற்காக என் பையைத் தூக்கினேன். கை இழுத்தது. உள்ளே பாற்கட்டியும் ஜாம் போத்தல்களும்.

"மச்சாள், இதென்ன? தராசிலை நிறுத்த பிறகு வைச்சனீங்களோ?"

"உஷ்! அவவுக்குச் சொல்லாதை. வெறுங்கையோட விட்டா என்ரை தம்பி என்ன நினைப்பான்?"

"சின்னப் பிளேன் மச்சாள்..."

"ஏழெட்டுக் கிலோவுக்கு விழுற பிளேனெண்டா நீ ஏறவே வேண்டாம்!"

சொன்னால், மூன்று நாள் சமைத்துப் போட்டவரை அந்நியர் முன் வெட்கப்படுத்துவேன். சொல்லாவிட்டால்? மகன் விமானச் சில்லைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். விமானியிடம் போய்ச் சொன்னேன்.

விமானி கோபிக்கவில்லை. பையை மறுபடி தராசில் நிறுத்தார், ஏழு கிலோ கூடியிருந்தது. பொதிகளைப் புல்லில் இறக்கிவைத்தார். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

7.40. சரிவில் கீழ்நோக்கி ஓடினோம். கொடியடியில் விமானி வேகத்தை உரக்க வாசித்தார், போதுமாக இருந்தது. சில்லுகள் புல்லை விட்டன. அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் இடப்பக்கம் முழுவதும் வேண்டுமென்று வலது பாறைச்சுவரை ஒட்டியே பறந்தார். பாறையில் முளைத்த செடிகள்கூட எனக்குத் தெரிந்தன. மகனின் இருக்கைப் பட்டியை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.

பள்ளத்தாக்கு விரிந்த பிறகு கேட்டேன்: "அந்த ஏழு கிலோவோடும் எழும்பியிருக்குமா?"

"இருக்கலாம்," என்றார்.

மச்சாளை வீணாக நோகடித்துவிட்டேனோ? பாரிஸில் எத்தனை பொதியோடும் மெட்ரோ ஏறலாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

தரையிறங்கியதும் தொலைபேசி அடித்தது. மச்சாள்.

"பிள்ளை இறங்கிட்டானோ?"

"ஓம் மச்சாள்."



"பிளேன் ஓடத் தொடங்க நான் கண்ணை மூடிட்டன்," என்றார். "சத்தம் மேலை போன பிறகுதான் திறந்தனான்."