மடியில் ஒரு டவர்: அரியலூர் சுரங்கத்தில் ஒரு பகல்

சென்ற மாசியில் ஒரு புதன்கிழமை அரியலூர் போய்வந்தேன். ஊர் பார்க்க அல்ல, ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போன் பேச வைக்க. ஊருக்குள் சிக்னலுக்குக் குறைவில்லை. ஆனால் தொண்ணூறு அடிப் பள்ளத்தில் இறங்கினால் போன் செத்துவிடும். போன வருடம் அங்கே ஒரு டம்பர் லாரி ஓரம் சரிந்து கவிழ்ந்தது. ஓட்டுநர் கலியமூர்த்தி கால் முறிந்து, கையில் போனை வைத்துக்கொண்டே நாற்பது நிமிடம் உள்ளே கிடந்தார். அன்று வாக்கி-டாக்கியிலும் சார்ஜ் இல்லை.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5 மணி பஸ். பெரம்பலூருக்கு 240 ரூபாய், கிட்டத்தட்ட அதே அளவு கிலோமீட்டர். திருச்சி பஸ்கள் பலவும் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போய்விடும், அதனால் கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். 9.15க்கு இறங்கி, இரண்டு இட்லி, ஒரு வடை, காபி: 55 ரூபாய். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். மக்காச்சோளக் காடுகள் முடிந்து, வேப்பமர இலைகள் சிமெண்ட் தூசியில் வெளுத்திருந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சுரங்கத்துக்கு ஆட்டோ 250 ரூபாய். டிரைவர் என் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“பைல என்னாங்க மேடம்?”

“செல்போன் டவர்.”

“டவருன்னா லாரில வரும். நீங்க மடில வச்சிருக்கீங்க!” என்று சிரித்தார்.

நான் சொன்னது பொய்யல்ல. வழக்கமாக டவருக்குக் கீழே அலமாரி அலமாரியாகத் தனிக் கருவிகள் நிற்கும். அவை செய்யும் வேலையில் பெரும்பகுதியை இன்று ஒரு சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருளே செய்துவிடும். அதோடு புத்தகம் அளவு ரேடியோப் பெட்டி ஒன்று, ஆண்டெனா ஒன்று, எங்கள் வலையமைப்புக்கான சிம் கார்டுகள். பையில் இருந்தது அவ்வளவுதான்.

சுரங்க மேலாளர் தனசேகர் ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர். கைகுலுக்கியதுமே கெடு வைத்தார்.

“ரெண்டு மணிக்கு பாறைக்கு வெடி வைக்கிறோம். ஒரு மணிக்கு உள்ள ஆள் இருக்கக் கூடாது. அதுக்குள்ள பேசுனா பாப்போம். இல்லன்னா பழையபடி வாக்கி-டாக்கிதான்.”

மணி 11.20. பள்ளத்தின் விளிம்பில் கம்பம் நட்டு ஆண்டெனாவைக் கட்டினோம். கீழே போய்ச் சோதிக்க ஆள் கேட்டபோது கலியமூர்த்தியே முன்வந்தார். அவர் போனிலும் தனசேகர் போனிலும் எங்கள் சிம்மைப் போட்டேன். இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை, எடைமேடையில் வேலை. லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து ஜீப்பில் ஏறினார்.

12.10க்கு வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது. “மேடம், சிக்னல் கோடு காட்டுது. போன் போவ மாட்டேங்குது.”

தனசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். கணினித் திரையில் ஓடிய வரிகளைப் படித்தேன். எங்கள் டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவதுதான் டவருக்குக் கேட்கவில்லை. தவறு என்னுடையது. சென்னையில் மேசைமேல் சோதித்தபோது, பக்கத்தில் இருக்கும் போன் மெதுவாகப் பேசினால் போதும் என்று மென்பொருளில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதை மாற்ற மறந்திருக்கிறேன்.

கலியமூர்த்தியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அந்த ஒரு வரியைத் திருத்தி மென்பொருளை மறுபடி ஓடவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தனசேகரின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

“சார், நான் அன்னைக்கு வுழுந்த எடத்துலேர்ந்து பேசுறேன். கேக்குதுங்களா?”

தனசேகர் பள்ளத்தின் விளிம்புக்கே போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பிறகுதான், “கேக்குதுய்யா. நல்லா கேக்குது. மேல வந்துடு” என்றார். ஜீப் மேலே ஏறி வரும்வரை இருவருமே போனை வைக்கவில்லை. 12.40க்குப் பள்ளம் காலியாக இருந்தது.

இதே வேலைக்குக் கிளம்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். அலைவரிசைக்கு அரசு அனுமதி இல்லாமல் இந்தப் பெட்டியை ஆன் செய்யாதீர்கள். எங்களுக்கு அந்தக் காகிதம் வரத்தான் மாதக்கணக்கில் ஆனது. கணினியை நிழலில் வையுங்கள், மாசியிலேயே அங்கே வெயில் கொளுத்துகிறது. திரும்புவதற்கு ரயில்தான் சுகம், அரியலூரிலிருந்து நேராக எழும்பூர். முன்பதிவு இல்லாமல் ஏறினால் விழுப்புரம் வரை நிற்கவேண்டியிருக்கும், நான் நின்றேன்.

கிளம்பும் முன் தனசேகருக்கு அந்த வரி எங்கே இருக்கிறது, எப்படி மாற்றுவது என்று காட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அழைத்தார்.

“மேடம், பள்ளம் இன்னும் இருபது அடி எறங்கியிருக்கு. மூலைல சரியா கேக்கல. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு அந்த வரிய நானே மாத்திட்டேன். இப்ப கேக்குது.”

“சரியா செஞ்சிருக்கீங்க சார்” என்றேன். அதற்குமேல் அவருக்கு நான் தேவைப்படவில்லை. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.