குழவிக்கல் வைத்த தட்டு

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் திருச்சி கோர்ட்டில் குமாஸ்தா. ஒரு கேஸ் கட்டை நகர்த்த ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் அந்த மகானுபாவருக்கு, எங்கள் நாய் மணி அவசரமாகத் தின்பது மட்டும் பொறுக்காது. கையில் கம்போடு பக்கத்தில் நின்று, "மெதுவாத் தின்னு, சனியனே!" என்று அதட்டுவார். அது இன்னும் வேகமாக விழுங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுருண்டை தொண்டையில் அடைத்து மணிக்குக் கண் பிதுங்கிவிட்டது. நான்தான் முதுகில் தட்டிக் கக்கவைத்தேன். ஐயா, "பறக்காவெட்டி" என்று அதற்குப் பட்டம் கொடுத்துவிட்டு, காபி எங்கே என்றார்.

மறுநாள் தேய்ந்துபோன அம்மிக்குழவியைத் தட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் சோற்றை உதிர்த்துவிட்டேன். அவர் நின்றவரை மணி குழவியில் முட்டி முட்டி விழுங்கியது. அவர் வெற்றிலை வாங்கப் போனதும் குழவியைச் சுற்றிச்சுற்றி நிதானமாக நக்கித் தின்றது.

அப்புறம் நான், வழக்கப்படி அவர் சாப்பிட்ட இலையிலேயே உட்கார்ந்தேன். அதற்குள் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார்.

"இன்னும் ஆகலையா? திங்கறதுக்கு இவ்வளவு நேரமா?"

என் கை தானாக வேகமெடுத்தது. சோறு நெஞ்சில் அடைத்து விக்கியது. மணி என்னையே பார்த்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன்: "எனக்கும் மணிக்கும் சேர்த்துச் சொல்றேன். நீங்க பார்த்துக்கிட்டு நின்னா சோறு இறங்காது. வாசலுக்குப் போங்க."

வாயைப் பிளந்தபடி போனார்.

கல்யாணமானதிலிருந்து நான் வைத்த ரசத்தை நானே ருசித்தது அன்றுதான். நன்றாகத்தான் வைத்திருந்தேன்.