ஃப்ரேமுக்குள் நின்ற விதைச் சாமை

என் மனைவிக்குக் கொல்லிமலையில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை. நாளிதழ் வேலையை விட்டபின் நானும் மலைக்கு வந்து சேர்ந்தேன். மலை ஊர்கள் சில சேர்ந்த பெரக்கரை நாட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு சாமைக் காடு. இங்கே காடு என்றால் மானாவாரி நிலம். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள். அந்த ஒரு சரிவில் மட்டும் சாமை நின்றது. காற்றடித்தால் மரவள்ளியில் இலைதான் நடுங்கும். சாமையோ சரிவு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும். படம் எடுக்க இடம் தேடி வந்தவர்கள் வண்டியை நிறுத்தியது அதைப் பார்த்துத்தான்.

அது ஓர் இணையத் தொடர். அடிவாரக் காரவள்ளி தாண்டி மலைப்பாதை வளைவுகளில் ஜெனரேட்டர் வண்டி திரும்ப முடியாமல் நின்று நின்று வந்ததில், முதல் நாள் படப்பிடிப்பு பதினொரு மணிக்குத்தான் தொடங்கியது. கதாநாயகி பாறை ஓரம் நின்று பேச வேண்டும், பின்னால் சாமை அசைய வேண்டும். இரண்டு நாள் எடுத்தார்கள். மூன்றாம் நாள் கதாநாயகனுக்குக் காய்ச்சல். யூனிட் கீழே இறங்குவதாக முடிவானது.

காட்டுக்குச் சொந்தக்காரர் நாற்பதைத் தாண்டிய பெண். கணவர் கேரளத்தில் எஸ்டேட் வேலையில் இருந்தார்; வெள்ளாமை முழுவதும் இவர் பொறுப்பு. படப்பிடிப்பு மேலாளர் ராசிபுரம் பக்கத்துக்காரர். அவர் வந்து சொன்னார்.

"ஏனுங்க, ஆறு நாள்ல திரும்பி வந்துருவோம். அதுவரைக்கும் ஒரு கதிரைக்கூடத் தொடாதீங்க. காடு இப்ப எப்படி நிக்குதோ அப்படியே இருக்கோணும்."

"பழுத்துப் போச்சுங்களே. மழையும் வாரேன் வாரேன்னு நிக்குது."

"மழைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க," என்று மேலாளர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

பழுத்த சாமை காத்திருக்காது. ஒரு பலத்த மழை போதும், மணி மண்ணில் உதிர்ந்துவிடும். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பாறைக்குக் கீழே மண் ஆழமான ஒரு துண்டு நிலம். ஒவ்வோர் ஆண்டும் விதைக்கான கதிரை அங்கிருந்துதான் எடுப்பார். அந்த ரகம் அவர் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. பழைய விதையைக் கடைசிப் பிடிவரை விதைத்திருந்தார். அந்தத் துண்டு போனால் அடுத்த ஆண்டு விதைக்க ஒன்றும் இருக்காது.

யூனிட் கிளம்பும் முன் அவர் உதவி இயக்குநரைத் தேடிப் போனார். சென்னைப் பெண்; முப்பதை நெருங்கும் வயது. எந்தக் காட்சியில் எது எங்கே இருந்தது என்று குறித்து வைப்பது அவர் வேலை. மானிட்டரில் எடுத்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன்.

"கண்ணு, இந்தப் பொட்டியில தெரியறது மட்டுந்தான் படத்துல வருமா?"

"ஆமாக்கா. இதுக்கு வெளியில இருக்கறது எதுவும் வராது."

"இந்தப் பாறையில இருந்து அந்தப் பலா மரம் வரைக்கும்?"

"கரெக்ட்டுக்கா."

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பேப்பர்ல இருந்தவருங்க. நெசமாவே வெளிய இருக்கறது தெரியாதுங்களா?"

எத்தனையோ ஆண்டுகள் புகைப்படங்களின் ஓரத்தை வெட்டி அச்சுக்கு அனுப்பியவன் நான். "தெரியாதுங்க," என்று உறுதியாகச் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் பாறையிலும் பலா மரத்தடியிலும் கல் வைத்து எல்லை பிடித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். இன்று இவர் காட்டில் அவர்கள், இன்னொரு நாள் அவர்கள் காட்டில் இவர், கூலி கிடையாது. இரண்டு நாளில் கல்லுக்கு வெளியே இருந்த சாமை முழுவதையும் அறுத்து, அடித்து, வைக்கோலைப் பாறைமேல் போட்டார்கள். கல்லுக்கு உள்ளே இருந்தது நின்றது. விதைத் துண்டு முழுவதும் அதற்குள் இருந்தது.

ஆறு நாள் ஒன்பதானது. இரண்டு முறை தூறியது. தினமும் காலையில் அவர் ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்ப்பார். பிறகு குனிந்து மண்ணைப் பார்ப்பார். பெண்கள் கேலி செய்யாமல் விடவில்லை.

"அவ சாமை சினிமாவுல நடிக்குதுடி. அதுல போய் அருவா வெக்கலாமா?"

"மூஞ்சிக்கு மாவு பூசி உடு, இன்னும் நல்லாத் தெரியும்."

"போங்கடி, பொறாமை புடிச்சவளுகளா," என்பார் அவர்.

எட்டாம் நாள் நான் கேட்டேன், அறுத்துவிட்டால்தான் என்ன என்று.

"சொன்ன சொல்லு இருக்குதுங்களே. அந்தப் புள்ள எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுப் போயிருக்குது. நான் அறுத்தா அதுக்குத்தான் ஏச்சு உளும்."

ஒன்பதாம் நாள் வண்டிகள் வந்தன. கேமராவை இறக்கி, முன்பு நின்ற இடத்துக்கு நேர் எதிரில், பாறையோரம் வைத்துத் திருப்பினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் எடுத்தது கதாநாயகி பேசியதை. இன்று எடுக்கப்போவது எதிரே நின்று கேட்பவனை. அவன் முதுகுக்குப் பின்னாலும் அதே சாமை அசைய வேண்டும். அங்கே அறுத்தபின் மிஞ்சிய அடித்தாள்தான் இருந்தது. செய்தித்தாள் புகைப்படம் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும். கேமரா திரும்பும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மேலாளர் கத்தினார். "என்னங்க இது, காட்டை இப்படி வழிச்சு எடுத்துட்டீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"பொட்டியில தெரியாத பக்கந்தானுங்க அறுத்தேன்."

உதவி இயக்குநர் முகம் வெளுத்து முன்னால் வந்தார். "தப்பு என்னோடது சார். அக்கா கேட்டாங்க. அந்த ஒரு ஷாட்டைப் பத்திக் கேக்கறாங்கன்னு நெனச்சு ஆமான்னு சொல்லிட்டேன்."

நானும் அதையே சொன்னேன் என்றேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

இயக்குநர் கோபப்படவில்லை. பாறைமேல் கிடந்த வைக்கோலைப் பார்த்தார். அதைக் கற்றை கற்றையாகக் கட்டித் தாளுக்கிடையில் நடச் சொன்னார். தூரத்தில் மங்கலாகத் தெரிந்தால் போதுமாம்.

அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப, நிக்குதே, இந்தப் பக்கம்?"

"அதை எடுத்தாச்சும்மா. இனிமே அது வேண்டாம்," என்றார் இயக்குநர்.

அவர் உடனே திரும்பினார். வேலியோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்களை நோக்கிக் குரல் கொடுத்தார். "அருவாளை எடுத்துட்டு வாங்கடி!"

"ஹீரோ வந்து நிக்கறான், இவளுக்கு இப்பத்தான் அறுப்பு வந்துருச்சு," என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஆனாலும் எல்லாரும் வந்தார்கள்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. ஒரு பக்கம் ஆட்கள் வைக்கோலை நட்டார்கள்; மறுபக்கம் பெண்கள் கதிரை அறுத்து, உதிராமல் சேலை முந்தானையில் வாங்கினார்கள். நடிகரின் குரலை அங்கேயே பதிவு செய்தார்கள். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் "சைலன்ஸ்" என்று கத்துவார்கள். அரிவாள்கள் நிற்கும். முடிந்ததும் மறுபடி சரக் சரக்கென்று தொடங்கும். நான்கு முறை இப்படி நின்றார்கள். ஐந்தாம் முறை முதல் துளி விழுந்தது. அந்தப் பெண் அரிவாளை நிறுத்தவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் நிற்கவில்லை.

உதவி இயக்குநரை ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார்கள். அவர் சாமைக்குள் இறங்கினார். காலடியில் மணி உதிர்ந்து கிடந்தது. "விதைச் சாமை, கண்ணு," என்றார் அந்தப் பெண், நிமிராமலே. உதவி இயக்குநர் வாக்கி டாக்கியை எடுத்தார்.

"சார், ஒரு பத்து நிமிஷம்."

"என்ன பத்து நிமிஷம்? வெளிச்சம் போகுது!" கருவியில் இயக்குநரின் குரல்.

"இது விதை சார். மழை வந்துட்டா இவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

பிறகு மேலாளரின் குரல் கேட்டது, கருவியில் இல்லாமல் நேராகவே. "டப்பிங்ல பாத்துக்கலாம் விடுங்க சார்!" சத்தம் பதியாமல் காட்சியை மட்டும் எடுத்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டே அறுத்தார்கள். உதவி இயக்குநரும் தன் துப்பட்டாவை விரித்துப் பிடித்தார்.

ஒரு பாய் அகலம் மீதி இருக்கும்போது மழை கொட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம்.

தன் வீட்டில் அந்தப் பெண் ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினார். மணி காய்ந்தே இருந்தது. கதிர்களை அடுப்புக்குப் பக்கத்தில் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் சொட்டச் சொட்ட நின்ற உதவி இயக்குநரைப் பார்த்தார்.

"உள்ள வா கண்ணு, தலையைத் துவட்டு."

"விதைக்குப் போதுமாக்கா?"

அவர் கண்ணாலேயே அளந்தார். "எனக்குப் போதும். வெளியூர்ல இருந்து கேட்டு வாரவங்களுக்குக் குடுக்கத்தான் இந்த வருசம் இல்ல."