எல்லோருக்குமாக நான்கு சைக்கிள்கள்

கீழ்க்கட்டளையில் எங்கள் காலனிக்குள் பஸ் வராது. மெயின் ரோட்டில் வருகிற பஸ்ஸையும் நம்ப முடியாது. எட்டு வீடுகளிலிருந்து தினமும் யாராவது பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும். சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்தவர்கள் காலையில் அதை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுப் போனால் மாலை வரை அது அங்கேயே சும்மா நிற்கும். அதே நேரத்தில் காலை ஷிப்டு முடிந்து மதியம் இறங்குகிறவர்கள் வெயிலில் நடந்து வருவார்கள்.

எல்லாச் சைக்கிளையும் பொதுவாக்கிவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. இருந்த நான்கு சைக்கிள்களுக்கும் மட்கார்டில் பச்சை பெயிண்ட் அடித்தோம். பூட்டுகளின் சாவி எட்டு வீட்டிலும் ஒவ்வொரு செட் இருந்தது. ஸ்டாண்டில் எது நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், எதிலும் எழுத வேண்டாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

ஏழெட்டு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு மாலை, விளக்கு வைக்கிற நேரம், பால்காரர் மூச்சு வாங்க வந்து எங்கள் கேட்டைத் தட்டினார்.

"டீச்சர், உங்க பச்ச சைக்கிள் ஒண்ணு பல்லாவரம் ரோட்டுல வளஞ்சி கெடக்குது. லாரி இட்சிட்டுச்சாம். ஆள குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய்ட்டாங்க."

"ஆள் யாரு?"

"தெரியல டீச்சர். நான் பாக்கசொல்ல சைக்கிள்தான் கெடந்துச்சு."

அவரவர் சைக்கிளாக இருந்திருந்தால் யாருக்கு அடிபட்டது என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். எங்கள் சைக்கிளில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அன்று நான்கு வீட்டு ஆண்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. என் கணவர் அதில் ஒருவர்.

நாலு வீட்டுப் பெண்களும் தெருமுனையில் போய் நின்றோம். முதலில் கோடி வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் மனைவி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் மணியடித்துக்கொண்டு சைக்கிளிலேயே வந்தார். ஒவ்வொருவர் வந்தபோதும் எல்லோரும் "அப்பாடா" என்றோம். இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் மிச்சம்.

"வா, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். இங்க நின்னு என்ன ஆகப்போகுது" என்றாள் அக்கா.

நான்கில் ஒன்றான லேடீஸ் சைக்கிள் அன்று என்னிடம் இருந்தது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. அவளைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்தேன். வழியில் சைக்கிள் கிடந்த இடத்தைக் கடந்தோம். அதற்குள் யாரோ அதை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. அக்கா என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. என்னுடையவராக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன். அப்படி வேண்டினால் அது யாருக்கு எதிரான வேண்டுதல் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவளும் அதையேதான் வேண்டியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எங்களை நிறுத்தினார்.

"சைக்கிள் ஆக்சிடென்ட் கேஸா? உங்க ரெண்டு பேர்ல யாரோட வீட்டுக்காரர்?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தோம்" என்றாள் அக்கா. அவர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார்.

அக்காவின் கணவர்தான். தொடையெலும்பு முறிந்திருந்தது, நெற்றியில் தையல், ஆனால் நினைவு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த கணத்தில் நான் விட்ட பெருமூச்சு சத்தமாகவே வெளியே வந்துவிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கணவர் வேலை முடிந்து தாமதமாக வந்திருக்கிறார். ஸ்டாண்டில் சைக்கிள் எதுவும் இல்லாததால் கீழ்க்கட்டளை வரை நடந்தே போயிருக்கிறார். அங்கே விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினோம். அவரவர் சைக்கிளை அவரவர் எடுத்துக்கொள்வோம் என்று சிலர் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வளைந்து போன சைக்கிள் அக்கா வீட்டுடையது. அதனால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரிப்பேர் பண்ணிப் பொதுவுலயே விடுங்க. அவர் எழுந்து ஆபீஸ் போற வரைக்கும் அது எங்க வீட்டுல சும்மாதானே நிக்கும்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா எடுக்கறவங்க பேர எழுதி வெச்சுட்டுப் போகட்டும். அந்த மாதிரி இன்னொரு தடவ நிக்க என்னால முடியாது."

மறுநாளே ஸ்டாண்டுக்காரரிடம் கேட்டு ஒரு சிலேட்டு மாட்டினோம். பக்கத்துக் காலனிக்காரர்கள் அதைப் பார்த்து விசாரித்தார்கள். அவர்களும் மூன்று சைக்கிள் சேர்த்தார்கள். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு மொபெட் வந்து நிற்கும்வரை அது ஓடியது.

அந்தப் பெருமூச்சைப் பற்றி அக்கா என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நான் பேச வாயெடுத்த ஒரே தடவையும் அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.