நர்ஸம்மா சொன்ன ஒரு பதில்

அந்த வட்டாரத்தில் நர்ஸம்மா எடுத்திருந்த நல்ல பெயர் லேசில் யாருக்கும் கிடைக்காது. சுகாதார நிலையத்துக்கு டாக்டர் எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். பிரசவம், காய்ச்சல், கட்டுப் போடுவது எல்லாம் அவள் தலையில்தான். வாய் கொஞ்சம் துடுக்கு. ஊசிக்குப் பயந்து கையை இழுக்கும் தடியன்களிடம், உன்னைப் பெத்தவ இதைவிட அதிகமாகத் தாங்கினாள் என்று சொல்லியே உட்காரவைத்துவிடுவாள். அவள் கை பட்டாலே பாதி நோய் போய்விடும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழுந்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

நாட்டுக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள் நிலையத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒருநாள் தகவல் வந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் புதுப் பிரசவ அறை கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட, நர்ஸம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விருந்தாளி வரும்போது கிழிந்த விரிப்பையா போடுவோம்? சுவருக்கு வெள்ளையடித்தாள். பள்ளிக்கூடத்தில் நாற்காலி இரவல் வாங்கினாள். அன்றைக்கு வருகிற நோயாளிகள் தேய்த்த துணியோடு வரவேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னாள். அவளைக் கூடப்பிறந்த அக்காவாகவே நினைத்திருந்த அடுத்த சந்துத் தையல்காரி ஒருபடி மேலே போய், யாரோ தைக்கக் கொடுத்த பட்டு உடுப்பையே போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

வந்தவர்களுக்குத் தலைவியாக இருந்த பெண்மணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்ததைக் குடித்தாள், குழந்தைகளைக் கொஞ்சினாள். கிளம்பும்போது, கூட வந்த அமைச்சக அதிகாரி மூலமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிரசவத்துக்கும் மருந்துக்கும் சின்னதாக ஒரு கட்டணம் வைத்தால் ஜனங்கள் வருவார்களா?

நர்ஸம்மாவுக்கு அது தன்னைப் பற்றிய கேள்வியாகவே பட்டது. காசு என்றதும் என் ஜனங்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வருமா? நிமிர்ந்து நின்றாள்.

"காசு கேட்டாலும் எங்கிட்டதான் வருவாங்க. என் ஜனங்களை எனக்குத் தெரியும்."

முன்வரிசையிலிருந்து தையல்காரி பலமாகத் தலையாட்டினாள். பெண்மணி அதைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமே நாடு முழுக்கக் கட்டணம் வந்துவிட்டது. கட்டணப் பலகை மாட்ட வந்த அதே அதிகாரி விஷயத்தை உடைத்துச் சொன்னார். சுகாதாரச் செலவில் ஒரு பங்கை மக்கள் தலையில் வைத்தால்தான் அடுத்த கடன் என்று அங்கே முன்கூட்டியே முடிவாகியிருந்ததாம். இங்கே வந்தது அதற்குத் தோதாகப் பேச ஒரு ஆளைத் தேடித்தானாம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அவள் பேச்சு வந்திருக்கிறது என்று பாராட்டுகிற மாதிரி வேறு சொன்னார்.

அவளுடைய ஜனங்கள் வரவில்லை. நோயை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்து, முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முடியாதவர்களுக்காக அவள் தன் சம்பளத்திலிருந்து கட்டினாள். வெளியே தெரிந்தால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்பதால் மூச்சு விடவில்லை. தையல்காரிக்கும் அது தெரியாமல் போயிற்று.

தையல்காரி அப்போது நிறைமாத கர்ப்பிணி. வலி எடுத்தபோது யாரும் வந்து சொல்லவில்லை. விஷயம் காதில் விழுந்து நர்ஸம்மா போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது, தாய் போய்விட்டிருந்தாள். ரத்தப்போக்கு. நிலையத்துக்கு வந்திருந்தால் ஒரு ஊசியில் நிறுத்தியிருக்கலாம். நர்ஸம்மா வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சில வருஷங்களில் காற்று மாறி அடித்தது. அதே நிறுவனம்தான், ஆட்கள் வேறு. ஏழைகளிடம் கட்டணம் வாங்குவது தப்பு என்று புது ஆராய்ச்சி சொல்கிறதாம். அமைச்சகம் அதற்கும் சரி என்றது, பலகை இறங்கியது. யாராவது வந்து கேட்பார்கள், மனதில் இருப்பதைக் கொட்டிவிடலாம் என்று நர்ஸம்மா காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை.

வந்தவன் தையல்காரியின் புருஷன். கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவன். மகளுக்குக் காய்ச்சல். குழந்தையை மேசைமேல் உட்காரவைத்துவிட்டு, இனிமேல் காசு கிடையாது என்பது நிஜம்தானா என்று விசாரித்தான். நிஜம்தான் என்றாள். மருந்துப் புட்டியை எடுத்தவள், இத்தனை காலம் கேட்காமல் இருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்குக் கையில காசு இல்லேன்னா என்னப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நான் கூப்பிட்டேன்க்கா. அவதான் வரமாட்டேன்னுட்டா. காசு கேட்டாலும் வருவாங்கன்னு அக்கா எங்களை நம்பி அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்க, நானே வெறுங்கையோட போய் நின்னா அக்கா பேச்சு என்ன ஆகும்னு சொல்லிட்டா."

நர்ஸம்மா புட்டியைக் கீழே வைத்தாள். குழந்தைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவன் இரண்டாம் தடவை கேட்டான்.