குட்டை மாலை

எண்பதுகளின் நடுவில், சுவிசில் சூக் நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றின் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வேலை அனுமதி மாதக் கடைசியோடு முடியவிருந்தது. தோட்டக்கார முதலாளி, நாங்கள் செஃப் என்று கூப்பிடுகிறவர், "இவன் எனக்கு வேண்டும்" என்று வெளிநாட்டார் பொலிசுக்கு எழுதிக்கொடுத்தால் தப்பினேன். இல்லையென்றால் மறுபடியும் அகதி முகாம்தான்.

சேமக்காலை நடுவில் ஒரு பெரிய கல் நின்றது. இடப்பக்கப் பலகையில் இந்தக் கத்தோலிக்கக் கிராமத்துச் சிப்பாய்களின் பெயர்கள். வலப்பக்கத்தில் அவர்களோடு சண்டைபிடிக்க வந்து இங்கேயே செத்துப்போன புரட்டஸ்தாந்துக்காரர்கள். சுவிசிலும் உள்நாட்டுப் போரா என்று கேட்டேன். செஃப் பெருமையாகத் தலையாட்டினார். போன நூற்றாண்டில் நடந்ததாம். ஒரு மாதம்கூட நீடிக்கவில்லையாம். எங்கள் ஊரில் ஒரு கல்யாணவீட்டுக் கோபமே அதைவிட நீளம்.

"நாளைக்கு நினைவுநாள். கல்லை வடிவாய்ச் சோடி. பிறகு உன்ரை கடிதத்தைப் பாப்பம்" என்றார்.

வடிவாய் அலங்கரிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது மாலைதான். என் அறையில் இருந்த அண்ணை, ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவர், லீவு நாளென்று உதவிக்கு வந்தார். செவ்வந்தியை நூலில் கட்டிக்கொண்டே முறைத்தார்.

"செத்தவனுக்கு மாலை கட்டவோடா பிளேன் ஏறி வந்தனி?"

"உங்கடை கோப்பையைவிட இது உத்தியோகம், அண்ணை. இங்கை ஒருத்தரும் திருப்பிக் கதைக்கமாட்டினம்."

இடப்பக்கத்து மாலை பலகையின் அடிவரை தொங்கியது. வலப்பக்கத்துக்கு வரும்போது பூ முடிந்துவிட்டது. பாதியில் முடிச்சுப் போட்டுவிட்டோம்.

அடுத்தநாள் கிராமத் தலைவர், "இந்த மண்ணில் இனிச் சகோதரச் சண்டை இல்லை. உலகம் எங்களிடம் படிக்கவேண்டும்" என்று பேசினார். 'உலகம்' என்றபோது என்னைப் பார்த்தார். அதற்குள் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த புரட்டஸ்தாந்துக் கிழவர் கைத்தடியால் குட்டை மாலையைக் காட்டினார்.

"எங்கடை ஆக்களுக்கு அரை மாலையோ?"

உள்ளூர்க் கிழவர் விடுவாரா? "வலியச் சண்டைக்கு வந்தது ஆர்?"

என் ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் சண்டை எந்த மொழியிலும் விளங்கும். போன தோட்டக்காரன் கத்தோலிக்கன், எங்கள் பக்கம் தண்ணீரே ஊற்றவில்லை என்றார் ஒருவர். அதற்கு முந்தினவன் புரட்டஸ்தாந்து, எங்கள் ரோசாவை வெட்டினான் என்றார் மற்றவர். தலைவர் பேச்சுத் தாளை மடித்துவிட்டார். செஃப்பின் முகம் சிவந்து கிடந்தது. கடிதம் போச்சு, முகாமுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"மாலை போட்டவன் என்ன சமயம்?" என்று இரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இந்து" என்றார் செஃப்.

இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கோபம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்ப இவன் ரெண்டு பக்கமும் இல்லை" என்றார் புரட்டஸ்தாந்துக்காரர்.

"இவனே கல்லைப் பாக்கட்டும். வேறை ஒருத்தனும் தொடக்கூடாது" என்றார் கத்தோலிக்கர்.

அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். தலைவர் சொல்ல, செஃப் அன்று மாலையே கடிதத்தை எழுதினார்.

அறைக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊரிலை நான் எந்தப் பக்கமும் இல்லையெண்டு சொன்னதுக்கு ரெண்டு பக்கமும் அடிச்சு நாட்டைவிட்டே கலைச்சவங்களடா. இங்கை அதுக்குச் சம்பளம் தாறாங்கள்."